கைப்பட்டை கட்டினால் பிள்ளைகள் ஓடுவார்களா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளை ஓடியாட வைக்கும் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். அவர்கள் யோசித்து வைத்திருப்பது ஒரு கைப்பட்டை: நடக்கும் அடிகளை எண்ணும், ஆயிரம் அடிக்கு இத்தனை புள்ளி என்று சேரும், புள்ளிக்குக் கேன்டீனில் கூப்பன் கிடைக்கும். ‘இதைவிடப் புதுமையாக, இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், போகிற போக்கில், ‘அவளே பள்ளி விட்டு வந்தால் சோஃபாவை விட்டு எழுவதில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உட்கார்ந்துவிட்ட ஒரு பிள்ளையை ஒரு பொருள் எழுப்புமா? எழுப்பும் என்றால் அது எப்படிப்பட்ட பொருள்? அதற்குப் பதில் கிடைத்தால் போட்டிக்கான யோசனையும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் 26 வருடம் பி.டி. (உடற்கல்வி) டீச்சராக இருந்தவள். பாதிக்காலம் பெண்கள் பள்ளியில், மீதி இருபாலர் பள்ளியில், எல்லாமே சிறு நகரங்கள். ஆராய்ச்சி செய்தவள் இல்லை. சக ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பேச வேண்டி வந்ததால் ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது, அவ்வளவுதான். அதனால் படித்தது எது, கண்ணால் பார்த்தது எது, வெறும் ஊகம் எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக இரைக்க இரைக்க ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் மாணவர் கணக்கைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85. இந்தியாவில் நான்கில் மூன்று பேர் எட்டவில்லை. நம் பையன்கள் மற்ற நாட்டுப் பையன்களைவிடக் கொஞ்சம் மேல். கிரிக்கெட் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே ஊகம் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பொட்டல்களைப் பார்த்தவளுக்கு அந்த ஊகம் சரி என்றுதான் படுகிறது. ஆக, உங்கள் மகள் தனி ஆள் இல்லை. ‘சோம்பேறி’ என்ற சொல்லை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது கைப்பட்டை. இங்கிலாந்தில் 13, 14 வயது மாணவர்களுக்கு எட்டு வாரம் ஃபிட்பிட் பட்டை கட்டிவிட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2017இல் வந்தது. எட்டு வாரம் முடிந்தபோது, தானாக ஆட வேண்டும் என்ற ஆசை கூடவில்லை, குறைந்திருந்தது. நண்பர்களோடு ஒப்பிட்டுக்கொள்வதும், எண்ணை எட்டியே தீர வேண்டும் என்ற நெருக்கடியும் அதில் வெளிப்பட்டன. நூறு பேர்கூட இல்லாத சின்ன ஆய்வு என்பதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. எங்கள் பள்ளிக்கு ஒருவர் முப்பது ஸ்டெப் கவுண்டர் அன்பளிப்பாகக் கொடுத்தார். முதல் வாரம் கிரவுண்டே அதிர்ந்தது. இரண்டாம் வாரம் ஒருத்தி வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தபடியே மேசைக்கடியில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்; இன்னொருத்தி அதைத் தம்பியின் காலில் கட்டி அனுப்பியிருந்தாள். மூன்றாம் வாரம் எட்டுப் பட்டை தொலைந்துபோனது. கடைசி இடத்தில் இருந்த பிள்ளைகள்தான் முதலில் கழற்றினார்கள். யாருக்காக வாங்கினோமோ அவர்களே.

அடி எண்ணிக்கை என்று பேசும்போது ஒன்று. எல்லோரும் சொல்லும் ‘பத்தாயிரம் அடி’ மருத்துவர்கள் கண்டுபிடித்த எல்லை இல்லை. 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயரில் விற்ற கருவியிலிருந்து பரவிய எண் அது. வளரும் பிள்ளைக்கு அதை இலக்காக வைக்கத் தேவையே இல்லை. கூப்பன் விஷயம் இன்னும் பழையது. 1973இல் ஸ்டான்ஃபோர்டில் நர்சரிப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை: ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு ‘வரைந்தால் பரிசு’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாதபோது அவர்கள் முன்பைவிடக் குறைவாக வரைந்தார்கள். பன்னிரண்டு வயதுக்கும் அப்படியே பொருந்துமா என்று கேட்டால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடியதற்குக் கேன்டீன் சமோசா கூலி என்று ஆக்கிவிட்டால், சமோசா நின்ற அன்று ஓட்டமும் நிற்கும் என்று நம்ப எனக்கு ஆய்வு தேவையில்லை.

புதுமைதான் மருந்து என்றால் அது எப்போதோ குணமாக்கியிருக்க வேண்டும். ஜப்பானில் 1998இல் வந்த ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்ற, மிதித்து ஆடும் விளையாட்டை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் வைக்கப்போவதாக 2006இல் அறிவித்தது. கையை உடம்பை அசைத்து ஆடும் வீடியோ கேம் கருவியான நிண்டெண்டோ வீ வந்தபோது எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். பிறகு 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்கே வீயைக் கொடுத்து, பாதிப்பேருக்கு உடம்பை அசைத்து ஆடும் விளையாட்டுகள், மீதிப்பேருக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகள் என்று தந்து 13 வாரம் இடுப்பில் கருவி கட்டி அளந்தார்கள். 2012இல் முடிவு வந்தது: இரு குழுவுக்கும் அசைவில் வித்தியாசமே இல்லை. 2016இல் போக்கிமான் கோ என்ற, நடந்து நடந்து ஆடும் செல்போன் விளையாட்டு வந்து உலகமே தெருவில் நடந்தது. அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுக்காரர்களிடம் எடுத்த கணக்கில் முதல் வாரம் நாளுக்குச் சுமார் 955 அடி கூடியது. ஆறாம் வாரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் பெரியவர்கள், உங்கள் மகள் வயதில்லை. ஆனாலும் அந்த ‘ஆறாம் வாரம்’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஹோமில் ரயில் நிலையப் படிக்கட்டைப் பியானோ ஆக்கிய வீடியோவைக் குழு கட்டாயம் பார்த்திருக்கும். வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகம் பேர் படியேறினார்கள் என்று அதில் வரும். அது 2009இல் ஒரு கார் கம்பெனி விளம்பரத்துக்காகச் செய்தது. அழகான யோசனைதான், ஆனால் அதை ஆதாரமாக எழுதினால் நடுவர் மடக்குவார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இதே வயதைக் குறிவைத்து அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2002 முதல் 2006 வரை ‘வெர்ப்’ என்ற பெயரில் ஒரு பெரிய பிரச்சாரம் நடத்தியது. 9 முதல் 13 வயதுக்காரர்களுக்கு. ‘உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது’ என்ற வாக்கியமே அதில் கிடையாது. ஜாலி, கூட்டாளிகள், புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது, இவ்வளவுதான் பேச்சு. முதல் வருட முடிவில், பிரச்சாரத்தை அறிந்த 9, 10 வயதுப் பிள்ளைகள் அறியாதவர்களைவிட ஓய்வு நேரத்தில் 34 சதவீதம் அதிக முறை விளையாடியதாகக் கணக்கு வந்தது. பெண்பிள்ளைகளிடமும், முன்பு அதிகம் விளையாடாதவர்களிடமும் பலன் தெரிந்தது. (பிள்ளைகள் தாங்களே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.) பிற்பாடு அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது: மஞ்சள் பந்துகளைப் பெரிய எண்ணிக்கையில் நாடெங்கும் விட்டார்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு எண். கிடைத்தவர் ஏதாவது ஒரு விளையாட்டு ஆடி, என்ன ஆடினேன் என்று இணையதளத்தில் எழுதிவிட்டு, பந்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மேலே சொன்ன 34 சதவீதம் இந்தப் பந்துக்கு முந்தைய கணக்கு, இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். ஆனால் பொருளாக யோசித்தால் என்ன சாமர்த்தியம் பாருங்கள்! ஒரே ஒரு பந்து. யாரோடும் ஒப்பிடாது, வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த ஆளைத் தேடிப் போகச் சொல்லும்.

கைப்பட்டை ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தி எண்ணுகிறது, பந்து நாலு பேரைக் கூட்டுகிறது. என் அனுபவத்தில் இந்த வயதில் கூட்டு இல்லாமல் யாரும் எழுவதில்லை. சரி, கூட்டு இருந்தும் ஏன் சிலர் எழுவதில்லை? இங்கேதான் உங்கள் மகளின் குழு நேரம் செலவழிக்க வேண்டும். பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் நான் வருடக்கணக்காக ‘என்னம்மா, விளையாடலையா?’ என்று கேட்டேன். ‘வயிற்று வலி மிஸ்’ என்பார்கள். நம்பினேன், அல்லது நம்பவில்லை, இரண்டும் ஒன்றுதான். ஒரு வருடம் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். வந்த பதில்கள் இப்படி: ஓடினால் உடம்பு குலுங்குகிறது, பையன்கள் பார்க்கிறார்கள். வியர்த்தால் அடுத்த பீரியடில் நாற்றம். துணியில் கறை பட்டுவிடும் என்ற பயம். டீம் பிரிக்கும்போது கடைசி ஆளாக நிற்பேன். பந்து என்னிடம் வருவதே இல்லை. முட்டிக்குக் கீழே வலிக்கிறது. ‘பிடிக்கவில்லை’ என்று எழுதியவர் இரண்டே பேர்.

இங்கிலாந்தில் 11 முதல் 18 வயதுள்ள 2,089 மாணவிகளிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2016இல் வந்தபோது எனக்கு அந்தச் சீட்டுகள்தான் ஞாபகம் வந்தன. 73 சதவீதம் பேருக்கு விளையாட்டின்போது மார்பு தொடர்பான ஏதோ ஒரு கவலை. சரியான உள்ளாடை அணிவோர் குறைவு. இதை நம் வீடுகளில் யார் பேசுகிறோம்? சீருடை பற்றியும் 2024இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு ஆய்வு வந்தது: பெரும்பாலான பள்ளிகளில் சீருடை உள்ள நாடுகளில், 60 நிமிட அளவை எட்டும் பிள்ளைகள் 16 சதவீதம், மற்ற நாடுகளில் 19.5. சீருடையால்தான் இப்படி என்று அவர்களே சொல்லவில்லை, நாடுகளுக்குள் வேறு நூறு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் துப்பட்டாவைக் குத்தி, அதற்கு மேல் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு எறிபந்து ஆடிப் பாருங்கள், புரியும். முட்டி வலி பற்றியும் ஒரு வார்த்தை: பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் சட்டென்று உயர்கிறார்கள். அப்போது குதிகாலிலும் முட்டிக்குக் கீழேயும் வலி வருவது உண்மை, சாக்கு இல்லை. நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: இந்த வயதுக்கு நல்ல பொருள் ஆசையைக் கிளப்பும் பொருள் இல்லை, தடையை எடுத்துவிடும் பொருள். இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் சைக்கிள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அப்போது சைக்கிள் புதுப் பொருளா என்ன? கூட்டமாக ஓட்டியதால் தனியாக ஓட்டியிருந்தால் வந்திருக்கும் கேலி செல்லாமல் போனது. காபூலில் 2007இல் தொடங்கிய, பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு ஓட்டக் கற்றுத்தந்த ஸ்கேட்டிஸ்தான் இன்னொன்று. அங்கே பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டக்கூடாது என்றார்கள். ஸ்கேட்போர்டு அந்த ஊருக்கே புதிது என்பதால் அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆண்களுக்கானது என்று அப்போது பெயர் விழாத ஒரு பலகை! இப்படி ஒரு இடுக்கைக் கண்டுபிடிப்பதுதான் படைப்பாற்றல் என்பேன்.

இனி இரண்டாயிரம் ரூபாய்க்கு வருவோம். நானே செய்து பார்த்தது ஒரு பெட்டி. பெரும்பாலான பள்ளிகளில் பந்தும் கயிறும் இல்லாமல் இல்லை; ஸ்போர்ட்ஸ் ரூமில் பூட்டிக்கிடக்கும், சாவி பி.டி. ஆசிரியரிடம், அவர் தேர்வுப் பணியில். பழைய டிரங்குப் பெட்டிக்குச் சக்கரம் போட்டு, நாலு டென்னிகாய்ட் வளையம், இரண்டு மெத்தென்ற பந்து, கயிறுகள் போட்டு மதிய இடைவேளையில் மரத்தடிக்கே அனுப்பினேன். மூடியின் உள்பக்கம் ஒரு பையில் நாப்கினும் ஊக்கும். பொறுப்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு, வாரம் ஒரு ஜோடி. செவ்வாய், வியாழன் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். வளையங்கள் காணாமல் போயின, ஒரு சண்டை நடந்தது, தலைமையாசிரியர் ஒரு முறை பெட்டியைப் பூட்டச் சொன்னார். ஆனாலும் மூன்று வருடம் ஓடியது. நான் மாற்றலாகிப் போனதும் நின்றது, அது பெட்டியின் குறையா என் குறையா என்று இன்னும் யோசிப்பதுண்டு.

குழுவே கையால் செய்யும்படி வேண்டும் என்றால், மணி கோத்த நீளக் கயிறு. சாதாரண நைலான் கயிறு லேசு. இரண்டு பேர் சுற்றும்போது காற்றில் தளர்ந்து வளைவு கெட்டுவிடும், உள்ளே குதிப்பவள் காலில் சிக்கும், உடனே சிரிப்பு, அந்தப் பிள்ளை மறுபடி வரமாட்டாள். கயிறு முழுக்கச் சின்னக் குழாய்த் துண்டுகளைக் கோத்துவிட்டால் கனம் கிடைத்து வளைவு நிற்கும். தரையில் படும்போது டக், டக் என்று ஒரு தாளம் கேட்கும், அந்தத் தாளத்தைக் கேட்டே உள்ளே நுழையலாம். இது கடையில் விற்கிற சரக்குதான், என் கண்டுபிடிப்பு இல்லை. நாங்கள் தோட்டத்தில் கழித்துப்போட்ட சொட்டுநீர்க் குழாயை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டிக் கோத்தோம். அந்தக் குழாய் வளையும், சிமென்ட் தரையிலும் உடையாது. ஐந்து மீட்டர் கயிறு, முனைகளில் பிடிக்க பிவிசி குழாய்த் துண்டு, அப்புறம் நல்ல முடிச்சு. கயிறு வாங்கினால்கூட சில நூறு ரூபாயில் முடியும். குழாயை வெட்டுவது மட்டும் பெரியவர் கையால் நடக்கட்டும். வெறுங்காலில் பட்டால் சுளீர் என்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கயிறு சுற்றுபவர் இல்லாமல் ஆட்டமே இல்லை. குதிக்கக் கூச்சப்படும் பிள்ளை முதலில் சுற்றுவாள். பத்து நாளில் அவளே ‘நானும் ஒரு தடவை’ என்பாள். டீம் பிரிப்பது கிடையாது, கடைசி ஆள் கிடையாது, ஒரு வகுப்பறை அகல இடம் போதும்.

பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைகள் கருவிகள் செய்து பழகும் அரசுத் திட்டக் கூடம்) இருந்து, மின்னணுப் பொருளாகவே வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால், ஆறு சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கும் ஒரு பொத்தானும். எது எரிகிறதோ அதை ஓடித் தொட வேண்டும், தொட்டதும் வேறொன்று எரியும். பயிற்சிக்கூடங்களில் விலையுயர்ந்த வடிவில் இருப்பதுதான். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை இயக்கக் கற்ற பிள்ளைகள் செய்துவிடுவார்கள். ஒன்றே ஒன்று: மதிப்பெண் ஆளுக்குத் தனித்தனியாக வேண்டாம், ஆறு பேர் சேர்ந்து ஒரு நிமிடத்தில் எத்தனை தொட்டார்கள் என்று மட்டும் காட்டட்டும். வேறு குழுவோடு போட்டி இல்லை, தங்கள் நேற்றைய எண்ணோடு போட்டி. இதை நான் பள்ளியில் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்லை. புதுமை தீர்ந்ததும் மூலையில் போகும் அபாயம் இதற்கும் உண்டு. தூசியும் பேட்டரியும் தனித் தலைவலி.

எதைச் செய்தாலும், மிதித்தால் செல்போன் சார்ஜ் ஆகும் சைக்கிள் மட்டும் வேண்டாம். எல்லாக் கண்காட்சியிலும் இருக்கும் அது, எந்தப் பள்ளியிலும் மறுவருடம் இருக்காது. ஆப்பிரிக்காவில் பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் நீர் இறைக்கும் ‘பிளே பம்ப்’ என்ற திட்டத்துக்கு 2006இல் அமெரிக்காவிலிருந்து கோடிக்கணக்கில் பணம் அறிவிக்கப்பட்டது. பல ஊர்களில் பிள்ளைகள் சுற்றி ஓய்ந்த பிறகு அதைத் தள்ளியது தண்ணீருக்கு வந்த பெண்கள். விளையாட்டை வேலைக்குப் பயன்படுத்த நினைத்தால் அது விளையாட்டாக இருக்காது.

நான் சொன்னதெல்லாம் கிரவுண்டோ மரத்தடியோ உள்ள பள்ளிகளுக்கு. மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருக்கும் அடுக்ககப் பிள்ளைகளின் மாலைப்பொழுது எனக்குப் பழக்கமில்லாத உலகம். அங்கே மூடிய அறையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரும் நாலு தோழிகளும் போதும் என்று ஊகிக்கிறேன், அவ்வளவே. மகளிடம் இப்போதைக்கு ஒன்று சொல்லுங்கள்: எதையும் செய்வதற்கு முன், ஒரு வாரம் மதிய இடைவேளையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஐந்து பேரும் எண்ணட்டும். பெயர் இல்லாத சீட்டில் காரணம் வாங்கட்டும். அதிகம் வந்த காரணம் எதுவோ அதற்கு ஒரு பொருள் செய்யட்டும். கொடுத்த முதல் வாரம் எண்ண வேண்டாம், அது எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். ஆறாம் வாரம் அதே மரத்தடியில், அதே நேரத்தில், உட்கார்ந்திருப்பவர்களை மறுபடி எண்ணட்டும். போட்டி அதற்கு முன்பே முடிந்துவிடும் என்றால், முதல் எண்ணிக்கையையும் சீட்டுகளையும் மட்டுமாவது நடுவர் மேசையில் வைக்கட்டும்.